இதயம் ஓர் அமானிதம்: அன்றாடம் நாம் பேண வேண்டிய பழக்கங்கள்





மிம்பரில் நின்று 'கல்பு' என்று சொன்னால் உங்கள் எல்லோருடைய நினைவுக்கும் வருவது பெருமை, பொறாமை, முகஸ்துதி போன்ற உள்ளத்தின் நோய்கள்தான். உடலில் ஒரு சதைத்துண்டு உண்டு, அது சீரானால் உடல் முழுவதும் சீராகும், அது கெட்டால் முழுவதும் கெட்டுவிடும் என்ற கருத்தில் நுஃமான் பின் பஷீர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறீர்கள். அதன் நோக்கம் உள்ளத்தின் சீர்திருத்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று அந்தச் சதைத்துண்டைப் பற்றியே பேசப் போகிறேன். நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த இதயத்தைப் பற்றி.

ஏன் இன்று இந்தத் தலைப்பு? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் சொன்ன ஒரு வார்த்தை

மூன்று மாதங்களுக்கு முன்பு, இந்தப் பள்ளியில் இரண்டாவது ஸஃப்பில் வழக்கமாக நிற்கும் ஒரு சகோதரர் இஷா தொழுகை முடிந்து என்னிடம் வந்தார். கடை வைத்திருந்தவர். ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், மத்தியானத்துலேர்ந்து ஒரு மாதிரியா அழுத்துது. தோள்பட்டை வரைக்கும் வலிக்குது. ஓதிப் பாருங்க" என்றார். நானும் ஓதி ஊதிவிட்டு, "கேஸா இருக்கும் பாய். ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க, காலையில சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

சுப்ஹு பாங்குக்கு முன்பே அவருடைய வஃபாத் செய்தி நம் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஜனாஸா தொழுகையை நான்தான் நடத்தினேன். அவருடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுத்தான் இதை இங்கே சொல்கிறேன்.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் ஒரு நொடியும் கூடாது, குறையாது. ஆனால் தெரியாத விஷயத்தில் நான் சொன்ன வார்த்தைக்கு நான் பொறுப்பாளி அல்லவா? ஸஹாபாக்களின் காலத்தில் ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள் என்று அபூதாவூதில் பார்க்கிறோம்.

இந்த ஹதீஸைப் பலமுறை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே சொல்லப்பட்டதாக உணர்ந்தேன். ஆகவே மருத்துவர்களிடம் கேட்டேன், தெரிந்துகொண்டேன். அதை உங்களிடம் சேர்ப்பது என் மீது கடமை.

நாம் கேட்காமலே கிடைத்த நிஃமத்

உங்கள் கையை மூடிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான் உங்கள் இதயம். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஏறத்தாழ 7,000 லிட்டர் இரத்தத்தை உடல் முழுவதும் அனுப்புகிறது. தாயின் வயிற்றில் துடிக்க ஆரம்பித்தது இதுவரை ஒரு நாள் விடுமுறை எடுக்கவில்லை. நாம் தூங்குகிறோம், அது தூங்குவதில்லை.

உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் இரத்தம் தேவை. அதற்கென்று இதயத்தின் மேலேயே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இதில் நம் முன்னோர் ஒருவருடைய பங்கை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் மருத்துவம் படித்து, கெய்ரோவில் பணியாற்றிய இப்னுந் நஃபீஸ் (ரஹ்) ஒரு மருத்துவர் மட்டுமல்ல, ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும்கூட. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடுச்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக இரத்தம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியிருந்தது. அப்படித் துளைகள் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று 1242-ல் எழுதியவர் இப்னுந் நஃபீஸ். இதயம் தன் சதைக்குள் ஓடும் குழாய்களிலிருந்தே தன் உணவைப் பெறுகிறது என்றும் அவர் சொன்னார். 1288-ல் வஃபாத்தாகும் முன் தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். மார்க்கம் படித்தவருக்கு மருத்துவம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

அந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒரு நாளில் அல்ல, இருபது முப்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. வலி இல்லை, அடையாளம் இல்லை. பிறகு ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த இதயத்தின் சதை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டு வருகிறது. இதுதான் மாரடைப்பு. திடீரென்று வந்தது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது நம் சஹனிலும் டீக்கடையிலும் பல ஆண்டுகளாகத் தயாரானது.

தக்தீரைக் காரணம் காட்டலாமா?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், வரவேண்டியது வந்தே தீரும்" என்று சிலர் சொல்வார்கள். நம்பிக்கை சரிதான். ஆனால் அதை வைத்து எடுக்கும் முடிவு தவறு.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரழி) விளக்கம் கொடுத்தார்கள். ஒட்டகத்தை வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் செழிப்பான பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் அல்லாஹ்வின் விதிதானே என்று உதாரணமும் சொன்னார்கள். புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது.

மருந்தும் விதி, நோயும் விதி. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்கள் நபி (ஸல்) அவர்களே. மறுமையில் வயதை எப்படிக் கழித்தாய், செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய் என்ற கேள்விகளோடு, உடலை எதில் தேய்த்தாய் என்றும் கேட்கப்படும் என்று திர்மிதியின் அறிவிப்பு எச்சரிக்கிறது. இரவல் வாங்கிய பாத்திரத்தையே சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்க நினைக்கிறோம். அல்லாஹ் கொடுத்த உடலை?

இனி, அன்றாடம் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. வயிற்றில் இடம் வையுங்கள்

ஆதமுடைய மகன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றை விட மோசமானது இல்லை, முதுகை நிமிர்த்தச் சில கவளங்கள் போதும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிகளாரின் போதனை. நாம் வலீமாவில் எப்படிச் சாப்பிடுகிறோம்? உணவுக்கு முழுப் பங்கு. தண்ணீருக்குப் பதில் குளிர்பானம். மூச்சுக்கு இடமே இல்லை.

பிரியாணி ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. விருந்துக்கு அழைத்தால் போங்கள், அது ஸுன்னத். ஆனால் ஞாயிறு வலீமா, செவ்வாய் சுன்னத் விருந்து, வெள்ளிக்கிழமை வீட்டில் நெய்ச்சோறு, இடையில் இரவெல்லாம் பரோட்டா என்றால் இதயம் என்ன செய்யும்? கறியில் கொழுப்பை நீக்கிவிடுங்கள். கறி ஒரு பங்கு என்றால் காய்கறியும் கீரையும் இரண்டு பங்கு இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் கறிக்குப் பதில் மீன் வாங்குங்கள், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். வனஸ்பதியை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்காதீர்கள்.

உப்பு விஷயம் முக்கியம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி மிக்சர் எல்லாவற்றிலும் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். உப்பு கூடினால் இரத்த அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் குழாய் சேதமாகும். சஹனில் கூடுதல் உப்பு வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கடையில் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு ஆறு டீ குடிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். டீக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி. அதை வீட்டில் ஒரு தட்டில் கொட்டிக் கண்ணால் பாருங்கள்.

2. நடங்கள்

பள்ளிவாசலுக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அந்தஸ்து உயர்கிறது, பாவம் அழிகிறது என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாமோ இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கு வண்டியில் வருகிறோம். வாசலில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சண்டையும் போடுகிறோம். நன்மையையும் இழக்கிறோம், ஆரோக்கியத்தையும் இழக்கிறோம்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது ஐந்து நாளைக்கு அரைமணி நேரம், வேகமாக நடப்பது போன்ற உழைப்பைச் செய்ய வேண்டும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் வேகத்துக்கு அளவு. சுப்ஹு தொழுதுவிட்டு மறுபடி போர்வைக்குள் போகாமல், காலை திக்ருகளை ஓதிக்கொண்டே அரைமணி நேரம் நடந்து பாருங்கள்.

ஐவேளை தொழுகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சியாக எண்ணித் தொழுவதும் சரியல்ல, அதைக் காட்டி நடக்காமல் இருப்பதும் சரியல்ல. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள் எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு ஆரம்பியுங்கள்.

3. புகையை விடுங்கள்

உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்பது சூரா பகராவின் 195-வது வசனம் தரும் எச்சரிக்கை. தொழுகை முடிந்து வெளியே போனதும் பள்ளி மதில் ஓரத்தில் பீடி பற்றவைப்பவர்களைப் பார்க்கிறேன். உங்களைக் குறை சொல்ல அல்ல, உங்களை இழக்க விரும்பாமல் சொல்கிறேன்.

புகை இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, இரத்தத்தை உறையத் தூண்டுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்பதும் இதயத்துக்குப் பாதுகாப்பு இல்லை. பக்கத்தில் இருக்கும் மனைவி, பிள்ளையின் இதயத்தையும் அந்தப் புகை பாதிக்கிறது. அவர்கள் மீது உங்களுக்கு என்ன உரிமை? நல்ல செய்தி என்னவென்றால், விட்ட ஓராண்டில் இதயநோய் ஆபத்து, புகைத்துக்கொண்டிருப்பவருடைய ஆபத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ரமளானில் பதின்மூன்று மணி நேரம் புகைக்காமல் இருக்க உங்களால் முடிகிறது. முடியாது என்று இனி சொல்லாதீர்கள்.

4. தூக்கமும் கோபமும்

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இன்று இஷாவுக்குப் பின்தான் நமக்குப் பொழுதே விடிகிறது. கையில் போன், பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தொடர்ந்து தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும்.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிவழி. கடுங்கோபத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறுகின்றன. அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்காகப் பத்து ஆண்டுகள் பேசாமல் இருக்கிறார்கள். அந்தக் கசப்பைச் சுமப்பது யாருடைய இதயம்? இங்கேதான் உள்ளத்தின் நோயும் உடலின் நோயும் ஒன்று சேர்கின்றன. அல்லாஹ்வை நினைவுகூர்வதில்தான் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்று குர்ஆன் கற்றுத் தருவதை மருந்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல.

5. வலிக்கும் முன்பே பாருங்கள்

இரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்பது ஆதாரம் அல்ல. முப்பது வயது தாண்டியவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் காசு கேட்பதில்லை. அத்தாவுக்கோ அண்ணனுக்கோ சிறு வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் இன்னும் முன்பே பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. வாங்கி அலமாரியில் வைக்காமல் சாப்பிடுங்கள்.

அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது சரியானதே மாத்திரையால்தான். அதேபோல ரமளானில் நோன்பைக் காரணம் காட்டி மருந்தைக் கைவிடாதீர்கள். ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் போய், சஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். நோற்கக் கூடாது என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். அதை மறுப்பது தக்வா அல்ல.

6. வலி வந்துவிட்டால்

அன்பானவர்களே, இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல். அது இடது கைக்கோ, தோளுக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுதல். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைசுற்றல். இவற்றில் சில சேர்ந்து வந்து சில நிமிடங்களில் போகவில்லை என்றால் அதை கேஸ் என்று முடிவு செய்ய உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் உரிமை இல்லை. ஈசிஜி எடுத்துப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். பெண்களுக்குக் களைப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி என்று வேறு விதமாகவும் தெரியலாம்.

உடனே உட்காரவையுங்கள். 108-க்கு அழையுங்கள். நடக்கவோ மாடிப்படி ஏறவோ விடாதீர்கள். வலி வந்தவர் தானே வண்டி ஓட்டக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியும், அடைப்பை நீக்கும் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்துக்குள்தான் அதிகம் பலன் தரும். ஓதிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போதே ஓதுங்கள். போன பின் அது கேஸ்தான் என்று தெரிந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டுப் பெண்களை மறந்துவிடாதீர்கள்

நம் வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். மீந்ததை வீணாக்கக் கூடாது என்று அதையும் சாப்பிடுகிறார்கள். நடக்கப் போக நேரமும் இல்லை, இடமும் இல்லை. வலித்தால் "வேலைக் களைப்பு" என்று மறைத்துவிடுகிறார்கள். கணவருக்குப் பரிசோதனை நடக்கிறது, பிள்ளைகளுக்கு நடக்கிறது, அவர்களுக்கு நடப்பதில்லை. உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவர் என்ற நபிகளாரின் போதனையை இதிலும் செயல்படுத்துங்கள். நீங்கள் பரிசோதனைக்குப் போகும் நாளில் உம்மாவையும் மனைவியையும் கூட அழைத்துப் போங்கள்.

இன்று மூன்று காரியம்

ஜும்ஆ முடிந்து கலைவதற்கு முன் மூன்று காரியங்களை நிய்யத் வையுங்கள். ஒன்று, இன்று அஸருக்கு நடந்து வருவேன். இரண்டு, இந்த வாரத்துக்குள் என் வீட்டில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பேன். மூன்று, நெஞ்சில் வலி என்று யார் சொன்னாலும், அது நடுநிசியாக இருந்தாலும், காலை வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது நிய்யத்தை நான் முதலில் வைத்துவிட்டேன். என் போன் இரவிலும் அணைக்கப்படுவதில்லை. ஓதிப்பார்க்க வருகிறவரிடம் இனி முதலில் நான் கேட்பது, "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்பதுதான்.

இரண்டாவது ஸஃப்பில் அந்தச் சகோதரர் நின்ற இடத்தில் இப்போது அவருடைய மூத்த மகன் நிற்கிறான். தக்பீர் கட்டும் முன் ஸஃப்பைச் சரிபார்க்கத் திரும்பும்போதெல்லாம் அவன் முகம் எனக்குத் தெரிகிறது. இன்னொரு பிள்ளை அப்படி வந்து நிற்க நான் காரணமாகிவிடக் கூடாது, நீங்களும் காரணமாகிவிடக் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைப் பெருமையிலிருந்தும் பகையிலிருந்தும் தூய்மையாக்குவாயாக! எங்கள் இதயங்களுக்கு ஆஃபியத்தைத் தருவாயாக! எங்கள் மஹல்லாவிலிருந்து பிரிந்து சென்றவர்களின் கப்ருகளை விசாலமாக்கி, அவர்களின் குடும்பங்களுக்குப் பொறுப்பேற்பாயாக! நீ தந்த உடலை அமானிதமாகப் பேணி, உன் வணக்கத்தில் அதைச் செலவிட்டு, உன்னைச் சந்திக்கும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.